இரண்டு காதுகளில் எட்டுத் திசைகள்

கண்களை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரை உங்களைச் சுற்றி ஓசைப்படாமல் நடக்கச் சொல்லுங்கள். அவர் அங்கங்கே நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒலி வந்த திசையை விரலால் சுட்டிக் காட்டுங்கள். இடம், வலம் மட்டுமல்ல. முன், பின், மேல், கீழ் என எல்லாவற்றையும் பெரும்பாலும் சரியாகவே காட்டிவிடுவீர்கள். நேர் எதிரே இருக்கும் ஒலி ஏறத்தாழ ஒரு பாகை அளவு நகர்ந்தால்கூட நம் காது அதைக் கண்டுகொள்ளும்.

இனி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதேனும் ஒரு பாட்டைக் கேளுங்கள். வயலின் இடக் காதருகே ஒலிக்கும்; தபேலா வலக் காதருகே ஒலிக்கும். பாடுபவர் எங்கே நிற்கிறார்? உங்கள் எதிரே அல்ல. உங்கள் மண்டைக்குள்ளே, இரு காதுகளுக்கும் நடுவில் நின்று பாடுகிறார்! எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் இப்படித்தான். ஒலி தலையை விட்டு வெளியே வருவதில்லை.

திரையரங்கில் கதை வேறு. அங்கே முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று சுற்றிலும் ஒலிபெருக்கிகள் இருப்பதால் மழை நம்மைச் சூழ்ந்து பெய்கிறது. குதிரைகள் பின்னாலிருந்து ஓடி வருகின்றன. இதைச் சூழொலி என்கிறோம். வீட்டுக்கான 7.1 அமைப்பில் ஏழு ஒலிபெருக்கிகள் கேட்பவரைச் சுற்றி நிற்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 1, தாழ்ந்த உறுமல் ஒலிகளுக்கென்று தனியே உள்ள எட்டாவது தடம்.

இந்த ஏழையும் ஒன்றையும் சாதாரண ஹெட்போனிலேயே கேட்கச் செய்வோம் என்று சில மென்பொருள்கள் சொல்கின்றன. மெய்நிகர் சூழொலி என்பது இவற்றின் பெயர். ஹெட்போனில் இருப்பதோ இரண்டே ஒலிப்பான்கள். இரண்டைக் கொண்டு எட்டா? இது வெறும் வியாபாரப் பேச்சாக இருக்குமோ என்று நீங்கள் ஐயுறுவது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: உங்களுக்கு இருப்பதும் இரண்டே காதுகள்தாம். உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலிகள் அனைத்தும் இரண்டு செவிப்பறைகளின் அசைவாகத்தான் மூளையை அடைகின்றன. அந்த இரண்டு அசைவுகளையும் அப்படியே பொய்யாக உண்டாக்கிவிட்டால், மூளைக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. கொள்கை இவ்வளவுதான். தொல்லை எல்லாம் 'அப்படியே' என்னும் சொல்லில் இருக்கிறது.

காது எப்படித் திசை அறிகிறது?

காற்றிலுள்ள ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு, ஒலியியலிலும் பேரறிஞர். 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அவர் இக்கேள்விக்கு அடிப்படையான விடையைத் தந்தார். இரு காதுகளுக்கும் இடையே உள்ள இரண்டு வேறுபாடுகளை மூளை பயன்படுத்துகிறது என்றார் அவர்.

முதலாவது, கால வேறுபாடு. ஒலி உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலக் காதை அது முதலில் அடையும். இடக் காதுக்குப் போக வேண்டுமானால் தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நம் தலையை 8.75 செ.மீ. ஆரமுள்ள ஒரு பந்தாகக் கொண்டு கணக்கிட்டால், இந்த அதிகப்படியான வழி ஏறத்தாழ 22.5 செ.மீ. வரும். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் விநாடிக்கு 343 மீட்டர். ஆகவே இடக் காதுக்கு ஒலி வந்து சேர ஒரு விநாடியின் 10,000 பாகங்களில் ஏறத்தாழ 6½ பாகம் தாமதமாகிறது. ஒலி வலப்புறமிருந்து மெல்ல மெல்ல எதிர்ப்புறம் நகர நகர இந்தத் தாமதம் குறைந்து, நேர் எதிரே வரும்போது சுழி ஆகிவிடும். தேர்ந்த செவிகள், நல்ல சூழ்நிலையில், விநாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பாகமான கால வேறுபாட்டைக்கூட உணர்ந்துவிடும் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. கண் இமைக்கும் நேரம் இதனோடு ஒப்பிட்டால் ஒரு யுகம்!

இரண்டாவது, செறிவு வேறுபாடு. தலை ஒரு தடுப்புச் சுவர் போல நின்று, அப்பாலுள்ள காதின்மேல் ஒலி நிழலை வீழ்த்துகிறது. ஆனால் எல்லா ஒலிகளுக்கும் நிழல் விழுவதில்லை. 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். கடலலைக்கு நடுவே நட்ட ஒரு கொம்பு எப்படியோ, அந்த அலைக்கு நம் தலையும் அப்படி. அது எளிதாக வளைந்து சுற்றிப் போய்விடும். கூர்மையான ஒலிகளுக்கு அலைநீளம் சில செ.மீ. மட்டுமே, அவற்றைத் தலை நன்றாகவே மறைக்கிறது. இரு காதுகளுக்கும் இடையே 20 டெசிபெல் வரைகூட வேறுபாடு ஏற்படுவதுண்டு. தாழ்ந்த ஒலிகளில் காலத்தையும் உயர்ந்த ஒலிகளில் செறிவையும் மூளை பெரிதும் நம்புகிறது. இரண்டிற்கும் எல்லை ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 23 செ.மீ. என்பதையும், முன்னே கண்ட 22.5 செ.மீ. என்ற வழியையும் பொருத்திப் பார்த்தால், எல்லை ஏன் அங்கே விழுந்தது என்பது விளங்கும்.

இதோடு விடை முடிந்துவிட்டதா? இல்லை. உங்கள் மூக்குக்கு நேர் எதிரே ஒரு கடிகாரமும், பிடரிக்கு நேர் பின்னே ஒரு கடிகாரமும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலிருந்தும் ஒலி இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே செறிவுடன் வருகிறது. தலைக்கு நேர் மேலே தொங்கும் கடிகாரமும் அப்படியே. கால வேறுபாடும் இல்லை, செறிவு வேறுபாடும் இல்லை. ஆயினும் எது முன், எது பின், எது மேல் என்று நமக்குத் தெரிகிறதே!

செவிமடலின் வேலை

இதற்கு விடை, நாம் மதிப்பே கொடுக்காத ஓர் உறுப்பில் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் செவிமடலைப் பாருங்கள். எத்தனை மடிப்புகள், எத்தனை குழிகள், வரப்புகள்! இவை அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. வெளியிலிருந்து வரும் ஒலியில் ஒரு பகுதி நேரே துளைக்குள் நுழைகிறது. மற்றொரு பகுதி இந்த மடிப்புகளில் மோதித் திரும்பிச் சற்றே பிந்தி நுழைகிறது. இரண்டும் சந்திக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. சில ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எவை அழியும் என்பது ஒலி வந்த திசையைப் பொறுத்தது. மேலிருந்து வந்த ஒலிக்கு ஒரு பள்ளம், கீழிருந்து வந்ததற்கு வேறொரு பள்ளம், பின்னாலிருந்து வந்ததற்கு இன்னொன்று என, செவிமடல் ஒவ்வொரு திசைக்கும் ஒரு முத்திரை குத்தி உள்ளே அனுப்புகிறது. அஞ்சல் நிலைய முத்திரையைப் பார்த்துக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அறிவது போல, மூளை இந்த முத்திரையைப் படித்துத் திசையை அறிகிறது.

செவிமடலின் மடிப்புகள் ஓரிரு செ.மீ. அளவே உள்ளவை. ஆகவே அவற்றால் குறுகிய அலைநீளமுள்ள கூர்மையான ஒலிகளில்தான் முத்திரை குத்த முடியும். பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாவிக்கொத்துச் சோதனையை நண்பரை நேர் முன்னும் நேர் மேலும் நேர் பின்னும் மட்டும் நிற்கச் சொல்லிச் செய்து பாருங்கள். பின்னர், காதுத் துளையை அடைக்காமல் செவிமடல்களை மட்டும் விரல்களால் தலையோடு அழுத்திக்கொண்டு மறுபடி செய்யுங்கள். விடைகள் குழம்பத் தொடங்கும். சாவிக்குப் பதில் நண்பர் வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் முனகினால், அழுத்தாமலே குழம்பும்.

ஒவ்வொருவர் செவிமடலும் வேறு. ஆகவே ஒவ்வொருவர் முத்திரையும் வேறு. நம் மூளை குழந்தைப் பருவம் முதல் நம்முடைய மடல்களின் முத்திரைகளையே படித்துப் பழகியிருக்கிறது. 1998-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மிக அழகான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருடைய செவிமடல் குழிகளில் அச்சு வார்ப்புகளைப் பொருத்தி, அவற்றின் வடிவத்தை மாற்றிவிட்டார்கள். உடனே அவர்களுக்கு மேல், கீழ் தெரியாமல் போயிற்று. இடம், வலம் மட்டும் ஏறத்தாழ முன்போலவே இருந்தது. வார்ப்புகளோடே அன்றாட வேலைகளைப் பார்த்து வந்தார்கள். சில வாரங்களில் புதிய 'காதுகளின்' முத்திரைகளையும் மூளை படிக்கக் கற்றுக்கொண்டது. வியப்பு அதற்குப் பிறகுதான்: வார்ப்புகளை எடுத்தவுடன் பழைய திறமை ஒரு குறையுமின்றி அப்படியே இருந்தது. இரண்டு மொழி அறிந்தவர்போல மூளை இரண்டு காதுகளின் மொழியையும் வைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளைப் பயன்படுத்தும்போது இது உதவும்.

முத்திரையைக் களவாடுவது

ஹெட்போனில் பாட்டுக் கேட்கும்போது ஒலி ஏன் மண்டைக்குள் நிற்கிறது என்பது இப்போது தெளிவாகியிருக்கும். இடத் தடம் இடக் காதுக்கு மட்டும், வலத் தடம் வலக் காதுக்கு மட்டும் போகின்றன. தலையைச் சுற்றும் தாமதம் இல்லை, தலையின் நிழல் இல்லை, செவிமடலின் திசை முத்திரை இல்லை, அறைச் சுவர்களின் எதிரொலியும் இல்லை. முகவரியே இல்லாத கடிதத்தை மூளை என்ன செய்யும்? உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் முத்திரைகளை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, ஒலியின்மேல் நாமே குத்திவிட்டால் என்ன? மெய்நிகர் சூழொலியின் உயிர்நாடி இதுதான். அளக்கும் முறை எளியது. எதிரொலியே இல்லாதபடி சுவர்களுக்குப் பஞ்சு போன்ற பொருள்களை வேய்ந்த அறையில் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். அவருடைய இரு காதுத் துளைகளிலும் மிகச் சிறிய ஒலிவாங்கிகளைப் பொருத்துகிறார்கள். பல திசைகளில் ஒலிபெருக்கியை வைத்து ஒரு சோதனை ஒலியை எழுப்பி, காதுகளில் என்ன வந்து சேர்ந்தது என்று பதிவு செய்கிறார்கள். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாடே அந்தத் திசையின் முத்திரை. இதைத் தலை சார்ந்த மாற்றுச் சார்பு என்றும், ஆங்கில முதலெழுத்துகளால் எச்.ஆர்.டி.எஃப். என்றும் வழங்குவார்கள்.

மனிதருக்குப் பதில் பொம்மையையும் உட்கார வைக்கலாம். அமெரிக்காவில் 1972-இல் அறிமுகமான 'கெமார்' என்னும் பொம்மைக்குச் சராசரி மனிதரின் தலை, உடல் அளவுகளும் ரப்பர் செவிமடல்களும் உண்டு. 1994-இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இந்தப் பொம்மையை வைத்து, 1.4 மீட்டர் தொலைவில் 710 திசைகளிலிருந்து அளந்தார்கள். அந்த அளவீடுகளை எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2001-இல் 45 காதுச் சோடிகளுக்கு 1,250 திசைகளில் அளந்து வெளியிட்டது. இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் பலவற்றின் பின்னே இப்படிப்பட்ட பொது அளவீடுகள் இருக்கின்றன. கொடுத்தவர்களின் பெருந்தன்மையை இங்கே குறிப்பிடாமல் போகக் கூடாது.

முத்திரை குத்தும் கணக்கு எப்படி நடக்கிறது? கணிப்பொறியில் ஒலி என்பது எண்களின் வரிசை. விநாடிக்கு 48,000 எண்கள். முத்திரையும் ஓர் எண் வரிசைதான். 'டக்' என்ற ஒற்றைத் தட்டலை எழுப்பினால் காதில் என்ன வந்து சேருமோ, அது. ஒரு சிறு எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஒலி 2, 1, 3 என்றும், முத்திரை 1, ½ என்றும் கொள்ளுங்கள். அதாவது ஒவ்வொரு தட்டலும் முதலில் முழுதாகவும், அடுத்த கணம் பாதியாகவும் காதை அடைகிறது. முதற்கணத்தில் காதில் விழுவது 2. இரண்டாம் கணத்தில் புதிய 1-உம், பழைய 2-இல் பாதியும் சேர்ந்து 2. மூன்றாம் கணத்தில் 3-உம், 1-இல் பாதியும் சேர்ந்து 3½. நான்காவதில் மிஞ்சியிருப்பது 1½. ஆக 2, 1, 3 என்று புறப்பட்டது 2, 2, 3½, 1½ என்று வந்து சேர்கிறது. கணித நூல்களில் கன்வல்யூஷன் என்று பயமுறுத்தும் பெயரில் வருவது இந்தக் கூட்டலும் பெருக்கலும்தான்.

உண்மையான முத்திரையில் இரண்டு எண்கள் அல்ல, 512 எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஏழு ஒலிபெருக்கிகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு காதுகள்; மொத்தம் 14 முத்திரைகள். தாழ்ந்த உறுமல் தடத்துக்கு முத்திரை தேவையில்லை. அதன் திசையைக் காது சரியாக அறிவதில்லையாதலால் இரு காதுகளுக்கும் சமமாகக் கலந்துவிடலாம். இப்போது 48,000-ஐ 512-ஆலும் 14-ஆலும் பெருக்குங்கள். விநாடிக்கு 34 கோடிக்கு மேல் பெருக்கல்கள்! 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் மாற்று முறையைக் கையாண்டால் இந்த வேலை பல மடங்கு குறைந்துவிடுகிறது. அதனால்தான் இன்று கையிலுள்ள தொலைபேசியே இதை அலட்சியமாகச் செய்துவிடுகிறது.

பழைய கனவு

இரண்டு காதுகளுக்கு இரண்டு ஒலி என்னும் எண்ணம் கணிப்பொறியைவிட மிகப் பழையது. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமான் ஆதே என்ற பொறியாளர், இசை நாடக மேடையின் விளிம்பில் தொலைபேசிக் கருவிகளை இடப்புறமும் வலப்புறமுமாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களைப் பிடித்துக்கொண்டு, பாடகர்கள் மேடையில் நகர்வதைக் காதாலேயே கண்டார்கள். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுக்கூடத்தார் 'ஆஸ்கர்' என்னும் பொம்மையின் காதுகளில் ஒலிவாங்கிகளை வைத்து, அது கேட்பதை மக்களுக்கு ஹெட்போனில் கேட்கச் செய்தார்கள். 1973-இல் நாய்மன் நிறுவனத்தின் பொம்மைத் தலை பெர்லினில் அறிமுகமானபோது, ஜெர்மனியில் அதைக் கொண்டு வானொலி நாடகமே ஒலிபரப்பினார்கள்.

இவையெல்லாம் பதிவு செய்யும்போதே முத்திரை குத்துபவை. பின்னர் ஒலியைத் திருப்பி வேறு திசையில் வைக்க இயலாது. கணிப்பொறியால் அந்தக் கணமே முத்திரை குத்தும் கருவியை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1980-களின் இறுதியில் உருவாக்கினார்கள். விமானியின் ஹெட்போனில் ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்தே எச்சரிக்கை ஒலி வரவேண்டும் என்பது போன்ற பயன்கள் அவர்கள் கருத்தில் இருந்தன. இது விளையாட்டுச் சாமானாகப் பிறந்த கலை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பார்வையற்றோர் தெருவில் வழி அறிவதற்கென மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட 'சவுண்ட்ஸ்கேப்' என்ற செயலி, போக வேண்டிய இடத்திலிருந்தே ஒலி வருவதுபோல ஹெட்போனில் ஒலித்தது. நிறுவனம் 2023-இல் அதை நிறுத்திவிட்டாலும், அதன் நிரலைப் பொதுவில் வைத்ததால் பிறர் அதைத் தொடர்ந்து வளர்க்க முடிந்தது.

ஏன் சிலருக்குப் பலிப்பதில்லை?

ஒரே மென்பொருளை ஒருவர் 'அற்புதம், அடி ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்கிறது' என்பார். இன்னொருவர் 'கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது, வேறொன்றும் இல்லை' என்பார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள்.

1989-இல் அமெரிக்காவில் வைட்மன், கிஸ்லர் என்னும் இருவர், கேட்பவருடைய சொந்தக் காதிலேயே அளந்த முத்திரைகளைக் கொண்டு ஹெட்போனில் ஒலியை அளித்தார்கள். உண்மையான ஒலிபெருக்கிகளைக் கேட்டபோது எவ்வளவு சரியாகத் திசையைச் சொன்னார்களோ, ஏறத்தாழ அவ்வளவு சரியாகவே கேட்டவர்கள் சொன்னார்கள். ஆனால் பின்னர், பிறருடைய காதில் அளந்த முத்திரைகளைக் கொடுத்தபோது இடம், வலம் கெடவில்லை. முன்னும் பின்னும் மாறிப்போவதும், மேல் கீழ் குழம்புவதும் அதிகமாயின. மென்பொருளில் உள்ளது யாரோ ஒருவர் காது, அல்லது ஒரு பொம்மையின் காது. அது உங்கள் காதை ஒத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒத்திராவிட்டால் குறை உங்கள் செவிப்புலனில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஐயமான ஒலியைக் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? தலையைச் சற்றே திருப்புகிறோம். தலையை வலப்புறம் திருப்பினால், எதிரே இருக்கும் ஒலி இடக் காதை நெருங்கும். பின்னே இருக்கும் ஒலி வலக் காதை நெருங்கும். ஐயம் உடனே தீர்ந்துவிடுகிறது. ஹான்ஸ் வாலக் என்னும் உளவியலார் 1940-இலேயே இதை நிறுவினார். ஹெட்போனோ தலையோடு சேர்ந்தே திரும்புகிறது. திருப்பினாலும் ஒலி மாறவில்லை என்றதும் மூளை, 'இது வெளியுலகம் அல்ல' என்று தீர்ப்பளித்துவிடுகிறது. தலையின் அசைவை உணரும் கருவியை ஹெட்போனுக்குள்ளேயே வைத்து, அசைவுக்கேற்ப முத்திரைகளை மாற்றிக்கொண்டே இருந்தால் இக்குறை தீரும். ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் காதுக் கருவிகளில் இதைக் கொண்டுவந்தது. 2022 முதல் தொலைபேசியின் படக்கருவியால் பயனரின் காதையே பார்த்து முத்திரையைப் பொருத்திக்கொள்ளவும் வழி செய்தது. கணிப்பொறி விளையாட்டில் தலைக்குப் பதில் சுட்டியைத் திருப்பினால் காட்சியோடு ஒலியும் திரும்புகிறதல்லவா? அதுவும் ஓரளவுக்கு இந்த உதவியைச் செய்கிறது. திரைப்படத்தில் பலிக்காத மென்பொருள் விளையாட்டில் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கையாளும் முறை

விண்டோஸ் கணிப்பொறியில் 2017 முதல் 'விண்டோஸ் சோனிக்' என்னும் வசதி இலவசமாகவே இருக்கிறது. ஒலி அமைப்புகளில் ஹெட்போனுக்குரிய பகுதியில் அதை இயக்கலாம். டால்பி அட்மாஸ், டி.டி.எஸ். ஹெட்போன் எக்ஸ் ஆகியவை பணம் கொடுத்துப் பெறுபவை. வாங்குமுன் சில நாட்கள் சோதித்துப் பார்க்க இடம் உண்டு. பொறுமை உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'ஈக்வலைசர் ஏ.பி.ஓ.' என்னும் இலவச மென்பொருளும், அதன்மேல் இயங்கும் 'ஹெசுவி'யும். நாம் கணக்கிட்ட அதே 14 முத்திரைகளும் அடங்கிய கோப்புகள் அதில் பல வகையாக உள்ளன. ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டு, உங்கள் காதுக்கு அருகில் வருவது எது என்று தேடலாம்.

தேடும்போது இடம், வலத்தைக் கவனிக்காதீர்கள். அது எல்லாவற்றிலும் சரியாகவே இருக்கும். நடு ஒலிபெருக்கியின் ஒலி உண்மையில் எதிரே, தலைக்கு வெளியே நிற்கிறதா, பின் ஒலிபெருக்கிகள் பின்னேதான் கேட்கின்றனவா என்பதைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். தேர்ந்ததை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிடாமல் ஒன்றிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்துச் சோதனையில் மூளை புதிய காதுகளைக் கற்றுக்கொண்டது நினைவிருக்கிறதல்லவா? அவர்கள் வார்ப்புகளைக் கழற்றாமல் நாள் முழுதும் இருந்தார்கள். நாம் சில மணி நேரமே கேட்கிறோம். ஆகவே அவ்வளவு முழுமையை எதிர்பார்க்கக் கூடாது; என்றாலும் பழக்கம் உதவும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளுக்குப் போகும் ஒலி ஏழெட்டுத் தடங்களாகப் போக வேண்டும். விளையாட்டின் ஒலி அமைப்பில் 'ஹெட்போன்' அல்லது 'ஸ்டீரியோ' என்று தேர்ந்திருந்தால் இரண்டே தடங்கள்தாம் போகும்; பின்புறம் என்று ஒன்று அங்கே இருக்காது. '7.1' என்று தேர்ந்தால்தான் மென்பொருளுக்கு வேலை. மாறாக, சில விளையாட்டுகள் தாமே முத்திரை குத்துகின்றன. 'கவுண்டர் ஸ்டிரைக்' 2016-இல் இந்த வசதியைப் பெற்றது. அத்தகைய விளையாட்டில் வெளி மென்பொருளை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கடிதத்தின்மேல் இரண்டு ஊர்களின் முத்திரை விழும். எதையும் படிக்க முடியாது. இரண்டில் விளையாட்டே குத்துவதுதான் மேல். ஏனெனில் எதிரி நிற்கும் திசை சரியாக 73 பாகை என்றால், விளையாட்டு அந்தத் திசைக்கே முத்திரை குத்த முடியும். வெளி மென்பொருளோ ஏழு நிலையான இடங்களை மட்டுமே அறியும்.

கம்பியில்லா ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பெரும்பாலான புளூடூத் கருவிகளில், பேசுவதற்கான ஒலிவாங்கியை இயக்கினால் ஒலி தரம் குன்றி ஒற்றைத் தடமாகச் சுருங்கிவிடும். நண்பர்களோடு பேசிக்கொண்டே விளையாடும்போது திசை தெரியவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம்.

பெட்டியின்மேல் '7.1' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஒலிப்பான்களும் கூடவே ஒரு மென்பொருளும்தான். ஒரு காதுக்குள் பல சிறு ஒலிப்பான்களை அடைத்தவையும் உண்டு. செவிமடலை ஒட்டிச் சில செ.மீ. இடத்தில் நெருக்கப்பட்ட அவற்றால் தலையின் தாமதத்தையும் நிழலையும் உண்டாக்க முடியாது. அந்தப் பணத்தில் நல்ல சாதாரண ஹெட்போன் ஒன்றை வாங்கலாம்.

ஸ்டீரியோவாகப் பதிவான இசைக்கு இந்த மென்பொருளை அணைத்துவிடுவதே என் வழக்கம். இசையமைப்பாளர் எண்ணிச் சமைத்த ஒலியின் நிறத்தை முத்திரைகள் மாற்றிவிடுகின்றன. தலைக்கு வெளியே கொண்டுவரச் சேர்க்கும் அறை எதிரொலி, வீணையைக் கூடத்தில் வைத்து வாசித்ததுபோல ஆக்கிவிடுகிறது. அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

காதைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று எஞ்சியிருக்கிறது. தொலைவிலுள்ள மெல்லிய அடி ஓசையைப் பிடிக்க வேண்டும் என்று ஒலியளவைக் கூட்டி வைப்பவர்கள், அடுத்த நொடியில் வெடிக்கும் குண்டின் ஓசையையும் அதே அளவில் கேட்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் காதில் விழும் ஆற்றல் இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5, 92 டெசிபெல்லில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். உட்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் பழுதாவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் பகுதி. செவிமடல் தன் முத்திரைகளைக் குத்துவதும் அந்தப் பகுதியில்தான் என்று முன்னே பார்த்தோம்.

ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இந்த மென்பொருளால் பயனில்லை. சில சமயம் தீங்கும் உண்டு. கேளாத காதுக்குப் போகும் உரையாடல் அவர்களுக்கு மறைந்தே போகும். அவர்கள் சூழொலியை அணைத்துவிட்டு, விண்டோஸிலும் தொலைபேசிகளிலும் அணுகல் வசதிகள் பகுதியில் உள்ள 'மோனோ' என்னும் அமைப்பை இயக்கிக்கொள்ளலாம். இரு தடங்களும் கலந்து கேட்கும் காதுக்கே வந்துவிடும்.